புறநகரில் தங்கி நகரில் கொள்முதல்: வெளியூர் வணிகர்களுக்குச் சில கணக்குகள்

தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி, பள்ளித் திறப்பு என்று ஆண்டில் நான்கைந்து முறையாவது நம்மில் பலர் சென்னைக்குப் போய் வருகிறோம். மளிகை, ஃபேன்சி, பிளாஸ்டிக், எழுதுபொருள், பாத்திரம் என எந்தச் சரக்கானாலும் பாரிமுனை வட்டாரத்தில் நேரில் பார்த்து விலை பேசுவதில் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த லாபத்தில் எவ்வளவு தங்கும் செலவிலும் வண்டிச் சத்தத்திலும் கரைகிறது என்று நாம் எழுதிப் பார்ப்பதில்லை. கொள்முதல் விலையில் கிலோவுக்கு 50 காசு குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், அறை வாடகையை மட்டும் கேட்டபடி கொடுத்துவிட்டு வருகிறோம்.

சென்னைக்கு நடுவில் தங்காமல், குடியிருப்புகள் நிறைந்த ஒரு புறநகரில் தங்கி, அங்கிருந்து தினமும் நகருக்குள் போய்வருவது நமக்குக் கட்டுபடியாகுமா? யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது? இதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பழைய வழக்கமும் இன்றைய நிலையும்

ஒரு காலத்தில் வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேயில்தான் வந்து நின்றன. பேருந்தை விட்டு இறங்கினால் பத்து நிமிட நடையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு, பந்தர் தெரு, தேவராஜ முதலித் தெரு, கொத்தவால்சாவடி எல்லாம் வந்துவிடும். பக்கத்திலேயே லாட்ஜ். ரயிலில் வந்தவர்களுக்கு சென்ட்ரலுக்கு எதிரில் ராமசாமி முதலியார் சத்திரமும், எழும்பூரைச் சுற்றி விடுதிகளும் இருந்தன. நகருக்குள் தங்குவதே அன்று சரியான கணக்கு.

பிறகு ஒவ்வொன்றாக இடம் மாறின. கொத்தவால்சாவடியின் காய்கறி, பழ வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகள் 2002-ல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன்பின் தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படவும், அங்கேயே வந்து சேரவும் ஏற்பாடாயிற்று. வண்டலூரை ஒட்டிய அந்த இடத்திலிருந்து பாரிமுனைக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தூரம்.

அதாவது, மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ இரவுப் பேருந்தில் வரும் வணிகரை விடியற்காலையில் இறக்கிவிடும் இடமே இன்று புறநகர்தான். பெட்டியும் பையுமாக அங்கிருந்து நகரின் மறுகோடிக்குப் போய் அறை எடுத்து, இரண்டு நாள் கழித்து அதே பெட்டியோடு அதே வழியில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையம் இடம் மாறியது; நம் வழக்கம் மாறவில்லை.

எந்தப் பக்கத்து வணிகருக்கு எந்தப் புறநகர்?

எல்லோருக்கும் ஒரே புறநகர் பொருந்தாது. நாம் ஊரிலிருந்து வரும் வழியில், நகருக்கு முன்னதாக வரும் புறநகரே நமக்குரியது. இதுதான் முதல் விதி. நகரைக் கடந்து மறுபக்கம் போய்த் தங்குவதில் அர்த்தமில்லை.

தென் மாவட்டத்தார்க்கும் திருச்சி, விழுப்புரம் பக்கத்தார்க்கும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவை ஏற்றவை. எழும்பூர் செல்லும் தென்னக விரைவு ரயில்கள் தாம்பரம் வழியேதான் போகின்றன. பெரும்பாலானவை அங்கு நிற்கின்றன. சில வண்டிகள் தாம்பரத்திலிருந்தே புறப்படுகின்றன.

சேலம், ஈரோடு, கோவைப் பக்கமிருந்து ரயிலில் வருவோர்க்கு ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் வட்டாரம் வசதி. அங்கிருந்து மின்சார ரயில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து சௌகார்பேட்டை எட்டிவிடும் தூரம்.

ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வருவோர்க்கு 2018-ல் திறந்த மாதவரம் பேருந்து நிலையமும், 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ ரயிலும் இருப்பதால் வடசென்னைப் பகுதியே நல்லது. திருவொற்றியூரில் ஏறினால் மண்ணடியில் இறங்கலாம்.

நம் வாசகர்களில் தெற்கிலிருந்து வருவோர் மிகுதி என்பதால் மேற்கொண்டு தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம்.

ரயில்தான் அச்சாணி

புறநகரில் தங்கும் திட்டம் வெற்றி பெறுவதும் தோற்பதும் ரயில் நிலையத்துக்கும் அறைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் எடுங்கள். வாடகை 200 ரூபாய் குறைவு என்று மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால், அந்த 200 ரூபாயும் ஆட்டோவுக்கே போய்விடும்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைய மீட்டர் பாதை 2004-க்குள் அகலப் பாதையாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். இரண்டாம் வகுப்புச் சாதாரணக் கட்டணம் 10 ரூபாய்தான். இந்தத் தடத்தில் 2025 முதல் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் பல மடங்கு. கோடையில் வயதானவர்களை அழைத்துச் செல்வோர்க்கு அது உதவும்.

தாம்பரத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. பல வண்டிகள் அங்கிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறுவோர்க்கு அலுவலக நேரத்தில் அந்தப் பாக்கியம் இல்லை. மாலையில் கடற்கரையில் ஏறினால் அங்கும் அது புறப்படும் இடமே. எழும்பூரிலோ மாம்பலத்திலோ ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே பெரிது.

எந்த வேலைக்கு எங்கே இறங்குவது என்பதைத் தெரிந்துகொண்டால் அரை நாள் மிச்சமாகும். பர்மா பஜாருக்குக் கடற்கரை நிலையம். பாரிமுனைக்குக் கோட்டை நிலையம். சென்ட்ரல், வால்டாக்ஸ் சாலைப் பக்கத்துக்குப் பூங்கா நிலையம். ரங்கநாதன் தெருவுக்கு மாம்பலம். கோயம்பேட்டுக்குப் போக வேண்டுமானால் பரங்கிமலையில் இறங்கி, அங்கேயே மெட்ரோ ரயில் ஏறினால் நேராகக் கோயம்பேட்டில் இறங்கலாம். நகரச் சாலை நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை.

மொத்தக் கடைகள் பெரும்பாலும் பத்து மணிவாக்கில்தான் சுறுசுறுப்பாகின்றன. ஆகவே அலுவலகக் கூட்டத்தோடு எட்டரை மணி வண்டியில் இடிபட வேண்டியதில்லை. அதற்கு முன்பாகவே போய் அங்கே சிற்றுண்டி சாப்பிடலாம். அல்லது ஒன்பதரைக்கு மேல் கிளம்பலாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை அடைப்பு, ரயில்களும் குறைவு. பராமரிப்புப் பணிக்காக வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் அன்றுதான். கொள்முதலைத் திங்கள் முதல் சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இருவர், இரண்டு இரவு தங்குகிறார்கள். நகருக்குள் அறை ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், தாம்பரத்தில் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகையில் மிச்சம் 1,200. கிளாம்பாக்கத்திலிருந்து நகருக்குள் வாடகைக் காரில் போக 700, தாம்பரத்துக்கு 200 என்றால், போக வர மிச்சம் 1,000. இருவரும் இரண்டு நாள் ரயிலில் போய்வர 80 ரூபாய் கூடுதல் செலவு. நிகர மிச்சம் 2,120 ரூபாய். நகருக்குச் செல்பவரும் வாடகைக் காரைத் தவிர்த்து ரயிலிலேயே போனால், மிச்சம் ஆயிரத்தைச் சுற்றி நிற்கும்.

இரண்டாயிரம் ரூபாய்தானே என்று நினைக்கக் கூடாது. செலவெல்லாம் போக ரூபாய்க்கு ஐந்து காசு நிற்கும் கடையில், 2,120 ரூபாயைச் சம்பாதிக்க 42,400 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து முறை போகிறவர்க்கு இது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விற்பனைக்குச் சமம். பெரிய கடைகளோடு போட்டி போட நம்மிடம் இருக்கும் ஒரே ஆயுதம் செலவுச் சிக்கனம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எதிர்க்கணக்கும் உண்டு. போய்வர நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் வேலையை முடித்து இரவே திரும்புகிறவர்க்கு இந்த இரண்டு மணி நேரம் இரண்டு கடைகளுக்குச் சமம். நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

ரொக்கமும் சரக்கும்

தினமும் ரயிலில் போய்வருவது என்றவுடன் நம்மவர்க்கு வரும் முதல் அச்சம் மடியில் உள்ள பணம். அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து நகருக்குள் தங்குவது அல்ல, ரொக்கத்தைக் குறைப்பதுதான். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் உள்ள நாட்களில் உரிய ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்யலாம். ஆகவே வங்கி வழியாகவே பணம் கொடுத்து, சில்லறைச் செலவுக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

அடுத்தது சரக்கு. வாங்கிய சரக்கை அறைக்குச் சுமந்து வருவது கூடவே கூடாது. மின்சார ரயிலில் மூட்டையோடு ஏறினால் நமக்கும் தொல்லை, மற்றவர்க்கும் தொல்லை. கடையிலிருந்தே பார்சல் சர்வீசுக்கோ லாரி புக்கிங் ஆபீசுக்கோ அனுப்பச் செய்து, ரசீதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்கின் மதிப்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினால், விலக்குப் பெற்ற பொருள்கள் நீங்கலாக, இ-வே பில் வேண்டும். விற்றவர் போட்டாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வழியில் வண்டி நின்றால் நட்டம் நமக்குத்தான். சாம்பிளும் பில்லும் மட்டும் கையில் இருந்தால் புறநகர்ப் பயணம் சுமையாகவே தெரியாது.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

தாம்பரம் என்று சொன்னால் கிழக்கா மேற்கா என்று கேளுங்கள். ரயில் பாதைக்கு இருபுறமும் ஊர் விரிந்து கிடக்கிறது. முகவரி தெரியாமல் இறங்கினால் சுற்ற வேண்டியிருக்கும்.

வாடகைக்குப் பில் உண்டா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், முன்பு 12 சதவீதமாக இருந்தது. ஆனால் இந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே வரி எண்ணைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனினும் பயணச் செலவாகக் கணக்கில் எழுதப் பில் அவசியம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விடுதிகள் வரி என்று தனியாக எதுவும் வசூலிக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இடம் எப்படி என்று கேளுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியதை நாடே பார்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் நிலையத்தையும் பெருஞ்சாலையையும் ஒட்டிய மேடான இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. கோடையில் போகிறவர்கள் தண்ணீர் எப்படி என்று கேட்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய நாட்களில் தாம்பரம், பெருங்களத்தூர் சாலையில் ஊருக்குத் திரும்பும் வாகனக் கூட்டம் அலைமோதும். பண்டிகைக் கொள்முதலை ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிடுவது உத்தமம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாட்ஜ் அல்லாமல் குடியிருப்பு வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நாள் வாடகைக்கு அறை கிடைக்கிறது. அங்கே நம்மைச் சுற்றி இருப்பவர்கள் குடும்பத்தார். இரவு பதினோரு மணிக்குப் படிக்கட்டில் நின்று செல்போனில் விலை பேசுவதும், அடுத்தவர் வாசலில் வண்டி நிறுத்துவதும் அழகல்ல. அடையாளச் சான்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கேட்காமலே அறை கொடுக்கும் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடைத்தெருவே ஒரு பாடம்

புறநகரில் தங்குவதால் பணம் மிச்சமாவது ஒரு லாபம் என்றால், அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. தியாகராய நகரின் பல மாடிக் கடைகளைப் பார்த்து வியக்கலாம்; அதைப் போல் நம் ஊரில் செய்ய முடியாது. குரோம்பேட்டையின் உள் தெருவில் இருக்கும் மளிகைக் கடை அப்படியல்ல. அதன் வாடிக்கையாளர்கள் மாதச் சம்பளக் குடும்பங்கள். இருபுறமும் சூப்பர் மார்க்கெட்டுகள். செல்போனில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள் வேறு. அத்தனைக்கும் நடுவில் அந்தக் கடை நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் அரை மணி நேரம் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். எந்த அளவுப் பாக்கெட் முன்வரிசையில் தொங்குகிறது? அரிசிச் சிப்பம் எத்தனை கிலோவில் அடுக்கப்பட்டிருக்கிறது? மாவும் கீரையும் எத்தனை மணிக்கு வருகின்றன? வீட்டுக்கு அனுப்ப ஆள் வைத்திருக்கிறார்களா? எதை அளந்து விற்கிறார்கள், எதைப் பாக்கெட்டில் விற்கிறார்கள்? பெருநகரக் குடியிருப்பில் இன்று காணும் பழக்கம் சில ஆண்டுகளில் நம் ஊருக்கும் வரும். அதை முன்கூட்டியே பார்த்துவிட்டவர் சரக்கைத் தேர்ந்தெடுப்பதில் முந்திக்கொள்வார். ஒரு சோப்பும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு, வியாபாரம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். நாமும் கடைக்காரர் என்று சொல்லிவிட்டே கேளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்க்கும் புறநகர் தோதானதே. நாம் கொள்முதலுக்குப் போகும் நாளில் வீட்டார் பிள்ளைகளோடு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம்; தாம்பரத்திலிருந்து பக்கம். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

யாருக்குப் பொருந்தாது?

எல்லாருக்கும் இதுவே வழி என்று நாம் சொல்லவில்லை. காய்கறி, பழம், பூ வாங்கப் போகிறவர்களுக்குப் புறநகர் பயன்படாது. கோயம்பேட்டில் நள்ளிரவிலேயே லாரிகள் இறங்கி, விடியுமுன் நல்ல சரக்கு போய்விடும். அந்நேரத்துக்கு மின்சார ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. அவர்கள் சந்தைக்குப் பக்கத்திலேயே தங்குவதுதான் சரி. ஒரே நாளில் திரும்புகிறவர்கள் அறையே எடுக்காமல் ரயில் நிலைய ஓய்வறையைப் பயன்படுத்திக்கொண்டு முடித்துவிடலாம். ஒரே தெருவில் மூன்று நாள் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியவர்க்கும் அந்தத் தெருவுக்கு அருகில் தங்குவதே மேல்.

இரண்டு நாளுக்குக் குறையாமல் தங்கி, பாரிமுனை, தியாகராய நகர், கோயம்பேடு என்று பல இடங்களுக்குப் போக வேண்டிய தென் மாவட்ட வணிகருக்குத்தான் தாம்பரம் முழுப் பயன் தரும்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பாருங்கள்: எங்கே இறங்குகிறோம், எங்கெங்கே போக வேண்டும், எத்தனை இரவு, சரக்கு எந்த வழியில் ஊருக்கு வருகிறது. இந்த நான்குக்கும் பதில் எழுதினால் எங்கே தங்குவது என்பது தானாகவே தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் ஆன செலவையும் அதே தாளில் எழுதி வையுங்கள். இரண்டு பயணத்துக்கு இப்படிச் செய்தால், மூன்றாவது பயணத்துக்கு நம் கணக்கு உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் கணக்கே வழிகாட்டும். கல்லாவில் வருவதை எண்ணுவது போலவே, கல்லாவிலிருந்து போவதையும் எண்ணுவதுதான் வணிகம்.